கேசரிப் பவுடருக்கு எந்த ஊர்ச் சட்டம் சரி?

திருநெல்வேலி அல்வாவுக்குச் சாயம் வேண்டியதில்லை. கோதுமைப் பாலும் சர்க்கரையும் நெய்யும் கிளறக் கிளற அந்தச் செம்பழுப்பு தானே வந்துவிடும். பக்கத்துத் தட்டில் இருக்கும் ஜாங்கிரியின் கதை வேறு. தின்றுவிட்டுக் கை கழுவினாலும் நகக்கண்ணில் கேசரிப் பவுடரின் ஆரஞ்சு நிற்கும். அந்த ஆரஞ்சை அடக்க அமெரிக்காவுக்கு ஒரு வழி, ஐரோப்பாவுக்கு ஒரு வழி, நமக்கு ஒரு வழி.

அமெரிக்காவில் 1906-ஆம் ஆண்டு உணவுச் சட்டத்தைத் தொடர்ந்து 1907-இல் ஏழு செயற்கைச் சாயங்களை மட்டும் ஏற்றார்கள். 1950-இல் ஆரஞ்சுச் சாயமிட்ட மிட்டாய் தின்ற குழந்தைகள் நோயுற்றபின் பிடி இறுகியது. மனிதருக்கோ விலங்குக்கோ புற்றுநோய் உண்டாக்குவது தெரிந்தால், எத்தனை சொற்பமானாலும் அந்தச் சாயம் கூடாது என்று 1960-இல் விதித்தார்கள். விதி கறார்தான், நடைதான் ஆமை. எரித்ரோசின் என்ற சிவப்பை அழகுசாதனங்களிலிருந்து 1990-இல் விலக்கினார்கள். உணவில் தடை செய்ய 2025 ஜனவரி ஆகிவிட்டது. உதட்டில் பூசக் கூடாத சாயத்தை முப்பத்தைந்து ஆண்டுகள் விழுங்க விட்டிருக்கிறார்கள்!

ஐரோப்பா 2010 முதல் ஆறு சாயங்களுக்கு எச்சரிக்கை வாசகம் கேட்கிறது: குழந்தைகளின் நடத்தையையும் கவனத்தையும் இவை பாதிக்கக்கூடும் என்று உறையில் அச்சிட வேண்டும். அந்த ஆறில் டார்ட்ரசின், சன்செட் எல்லோ உட்பட நான்கு நம் நாட்டில் அனுமதி பெற்றவை. ஆனால் நம் ஊர் ஜாங்கிரியை நிறுத்து, எண்ணெய்த்தாள் சுற்றி அல்லவா தருகிறார்கள்? வாசகத்தை எங்கே அச்சிடுவது?

இந்தியாவில் 1954-இல் கலப்படத் தடைச் சட்டம், அதன் இடத்தில் பின்னர் 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டம். எட்டுச் செயற்கைச் சாயங்களுக்கு அனுமதி உண்டு. இனிப்பில் கிலோவுக்கு 100 மில்லிகிராம்தான் உச்சம். அதாவது பத்துக் கிலோ கேசரிக்கு ஒரே ஒரு கிராம். காகிதத்தில் நேர்த்தியான கணக்கு. ஒரு கல்யாண வீட்டில் தவசிப்பிள்ளையிடம் இதைச் சொன்னேன். “கைதான் அண்ணாச்சி தராசு” என்று சிரித்துவிட்டு, மூன்று விரலால் அள்ளித் தூவினார். நிறம் ஏறவில்லை என்று இன்னொரு முறையும் தூவினார். அவர் தூவியது எத்தனை மில்லிகிராம் என்பதை ஆய்வுக்கூடம்தான் சொல்ல வேண்டும். அதற்குள் பந்தி முடிந்து இலை எடுத்துவிடுவார்கள்.

ஆகவே என் ஓட்டு, தாமதத்தைக் கழித்துவிட்டு, அமெரிக்கக் கறாருக்குத்தான். கண்ணால் பார்த்தே பிடிக்கக்கூடிய விதிதான் நம் கடைத்தெருவில் செல்லும். துணிச் சாயமான ரோடமின் பி நம் அனுமதிப் பட்டியலில் இல்லவே இல்லை. ஆனாலும் பஞ்சுமிட்டாயில் தாராளமாகப் புழங்கியது. 2024 பிப்ரவரியில் தமிழக அரசு அந்தப் பஞ்சுமிட்டாயைத் தடை செய்தபோதுதான் விஷயம் தெருவுக்கு வந்தது. அதன்பிறகு வந்த ஆனித் தேரோட்டத்தில், நெல்லையப்பர் கோயில் ரத வீதியில் ஒருவர் கம்பு நிறையப் பஞ்சுமிட்டாய் கொண்டுவந்தார். எல்லாம் வெள்ளை.