மாடி வீடா, தபால் ஆபீஸ் வட்டியா, பென்ஷன் பாலிசியா?

நாகர்கோவிலில் பணி ஓய்வு பெறுபவர் கையில் 30 லட்சம் வந்ததுமே ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். மாடியில் வீடு கட்டி வாடகைக்கு விடு என்பார் மச்சான். தபால் ஆபீஸில் போடு என்பார் பக்கத்து வீட்டுக்காரர். ஏஜெண்ட் பென்ஷன் பாலிசியோடு வந்து நிற்பார். எது எவ்வளவு தரும் என்று எல்லாரும் சொல்கிறார்கள். வரி போக எவ்வளவு மிஞ்சும் என்று கேட்டால் பதில் வருவதில்லை.

என் அண்ணன் கணக்கையே எடுத்துக்கொள்கிறேன். மாதப் பென்ஷன் 90,000. வருடத்துக்கு 10.80 லட்சம். நிலையான கழிவு 75,000 போனால் 10.05 லட்சம். 2025-26 முதல் புதிய வரி முறையில் 12 லட்சம் வரை வரி இல்லை. ஆக அவருக்கு இன்னும் 1.95 லட்சம்தான் இடம் இருக்கிறது.

தபால் ஆபீஸில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் 8.2 சதவீத வட்டி. 30 லட்சத்துக்கு வருடம் 2,46,000 வரும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை 61,500. ஆனால் வட்டி முழுவதும் வருமானம். மொத்தம் 12.51 லட்சம் ஆகிவிடும். எல்லையைத் தாண்டிய அந்த 51,000 அப்படியே வரியாகப் போய்விடும், அதன் மேல் செஸ் என்ற கூடுதல் வரியோடு 53,040. கையில் நிற்பது 1,92,960.

மாடி வீட்டுக்கு மாதம் 15,000 வாடகை என்றால் வருடம் 1.80 லட்சம். வீட்டு வரி கட்டியது போக மீதியில் 30 சதவீதம், ரசீது எதுவும் கேட்காமலே கழிவு. கணக்கில் ஏறுவது அதிகம் போனால் 1.26 லட்சம், வரி பூஜ்யம். வரிக்கு முன் வட்டிக்கும் வாடகைக்கும் இருந்த 66,000 வித்தியாசம் சுமார் 13,000 ஆகிவிட்டது! ஆனாலும் நான் மாடி கட்டச் சொல்ல மாட்டேன். வருடத்தில் இரண்டு மழைக்காலம் பார்க்கும் ஊர் இது. கடலோரமாக இருந்தால் உப்புக்காற்றில் கம்பி துருப்பிடிக்கும். ஆள் காலி செய்த மாதங்களில் வாடகையும் இல்லை.

பென்ஷன் பாலிசி எனக்குப் பிடிக்கவில்லை. வரும் தொகை முழுவதும் வருமானம், கழிவுச் சலுகை பெரிதாக இல்லை, போட்ட பணத்தை நினைத்தபோது எடுக்கவும் முடியாது. ஆயுள் முழுக்க ஒரே தொகை என்ற நிம்மதி வேண்டும் என்பவர்களுக்கு மட்டும் சரி.

அண்ணனிடம் நான் சொன்னது, 23 லட்சம் மட்டும் தபால் ஆபீஸில். வட்டி 1,88,600, மொத்த வருமானம் 11,93,600, வரி இல்லை. மிச்ச 7 லட்சத்தையும் சேர்த்துப் போட்டால் கையில் கூடுதலாக நிற்பது வெறும் 4,360 ரூபாய். அந்த 7 லட்சம் மியூச்சுவல் ஃபண்டில் வளரட்டும். விற்கும் வருடத்தில்தான் வரி. ஏற்ற இறக்கம் உண்டு, அதனால் உடனே தேவைப்படாத பணம்தான் அங்கே போக வேண்டும். சேமிப்புக் கணக்கு வட்டி கொஞ்சம் அதிகமாக வருகிறவர்கள் 22 லட்சத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். மனைவி பெயரில் போட்டுவிடலாமே என்றார் அண்ணன். அண்ணன் கொடுத்த பணத்துக்கு மதினி பெயரில் வரும் வட்டியும் அண்ணன் வருமானத்தில்தான் சேரும்.

வளைகுடாவிலிருந்து பென்ஷன் இல்லாமல் திரும்பிய, 60 வயது தாண்டியவருக்கு வேறு வருமானம் இல்லையென்றால் இந்தக் கவலையே வேண்டாம், 30 லட்சத்தையும் தபால் ஆபீஸில் போடலாம். ஒன்று மட்டும்: வட்டி வருடம் ஒரு லட்சத்தைத் தாண்டினால் 10 சதவீதம் பிடித்துவிடுவார்கள். வரி பிடிக்க வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கும் படிவத்தை ஏப்ரலிலேயே கொடுத்துவிடுங்கள்.