பொதி இல்லாத இடத்தில் மூலநிரல்: டெபியனும் டெசராக்டும்

சிங்கப்பூரில் அச்சான பழைய கோயில் விழா மலர்களையும் சங்கச் சிறப்பிதழ்களையும் ஸ்கேன் செய்து, தேடக்கூடிய எழுத்தாக மாற்றிச் சேர்த்து வருகிறேன். வேலையைச் செய்வது டெசராக்ட் என்ற, படத்திலுள்ள எழுத்தைப் படிக்கும் நிரல். என் கணினியில் ஓடும் லினக்ஸ் இயங்குதளமான டெபியனின் 11ஆம் பதிப்பு வெளியானது 2021 ஆகஸ்டில், டெசராக்ட் 5.0 வந்தது நவம்பர் கடைசியில். டெபியன் ஒரு பதிப்பை வெளியிட்டபின் அதிலுள்ள மென்பொருள்களைப் பெரும்பாலும் புதிய பதிப்புக்கு மாற்றாது என்பதால், நிறுவத் தயாரான பொதிகள் இருக்கும் அதன் களஞ்சியத்தில் டெசராக்ட் 4.1.1 தான் இருந்தது. புதியது வேகமானது, நினைவகமும் குறைவாகக் கேட்கும். தடிமனான மலர்களுக்கு இது பெரிய வித்தியாசம். அதனால் 5.0-இன் மூலநிரலை இறக்கினேன்.

மூலநிரலை இயங்கும் நிரலாகத் தொகுப்பது பெரிய காரியமில்லை. வரிசையாகச் சில கட்டளைகள்: ஆட்டோஜென், கான்ஃபிகர், மேக், மேக் இன்ஸ்டால், கடைசியாக எல்டிகான்ஃபிக். அந்தக் கடைசிக் கட்டளையை விட்டால், தனக்கு வேண்டிய நிரல் நூலகக் கோப்பு கிடைக்கவில்லை என்று நிரல் நின்றுவிடும். படங்களைப் படிக்க உதவும் லெப்டோனிகாவை நான் தொகுக்கவில்லை. டெபியன் தரும் பதிப்பே போதும், பாதுகாப்புத் திருத்தங்களும் தானாக வரும். களஞ்சியத்தில் இல்லாத அந்த ஒன்றை மட்டும் தொகுங்கள் என்றுதான் யார் கேட்டாலும் சொல்வேன்.

தமிழ் எழுத்துகளை அடையாளம் காண டெசராக்டுக்குத் தேவையான தமிழ்ப் பயிற்சிக் கோப்பைப் பொதியாக நிறுவியிருந்தாலும், நாம் தொகுத்த டெசராக்ட் அதைத் தன் கோப்புறையில்தான் தேடும். அங்கே ஒரு நகல் வையுங்கள், சரியாகிவிடும்.

உண்மையான சோதனை 2023 ஜூனில், டெபியன் 12 வந்தபோது. அதில் 5.3.0 பொதியாகவே இருந்தது. எங்களோடு மெய்ப்புப் பார்க்கும் தம்பி தேக்காவிலிருந்து அழைத்தார்: "அண்ணே, புதுசு போட்டும் பழைய நம்பர்தான் காட்டுது!" காரணம் எளிது. நாம் தொகுத்தவை யூஎஸ்ஆர் லோக்கல் (/usr/local) கோப்புறைக்குள் போகும், கட்டளைகளைத் தட்டும் முனையம் அங்கேதான் நிரலை முதலில் தேடும். பழைய மூலநிரல் கோப்புறைக்குள் போய் மேக் அன்இன்ஸ்டால் கொடுத்தால் தீர்ந்தது. அவரிடம் அந்தக் கோப்புறை இல்லை. அதே பதிப்பை மறுபடி இறக்கி, அதே இடத்தைக் காட்டிக் கான்ஃபிகர் செய்து, அப்புறம் நீக்கினோம்.

அதனால் இப்போது எதைத் தொகுத்தாலும் கான்ஃபிகரில் நிறுவும் இடத்தைச் சொல்லும் பிரிஃபிக்ஸ் கொடுத்து, /opt கோப்புறைக்குள் அதற்கென்று தனி இடம் ஒதுக்குகிறேன். வேண்டாமென்றால் அந்த ஒரு கோப்புறையை அழித்தால் போதும். கான்ஃபிகருக்குக் கொடுத்த வரியையும் ஓர் உரைக்கோப்பில் பக்கத்திலேயே வைக்கிறேன். தம்பியின் கணினியிலும் இப்போது இதே ஏற்பாடுதான்.