பெயரில்லாத டப்பா க்ரீமைக் கண்ணருகே கொண்டுபோகாதீர்கள்

பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம் பக்கம் இருப்பவர்கள் இதைக் கட்டாயம் படியுங்கள். வீட்டில் கல்யாணம் நெருங்குகிறது என்றால் இரண்டு முறை படியுங்கள்.

என் அம்மா கடல்பாசி எடுக்கிறவர். முப்பது வருடமாகக் கடலில் முங்கி முங்கி எழுந்த முகம். விரல்களில் துணி சுற்றி, இடுப்பில் வலைப்பை கட்டி, கண்ணாடி மாட்டிக்கொண்டு இறங்கினால் ஐந்தாறு மணி நேரம் தண்ணீரில்தான். கரைக்கு வந்து கண்ணாடியைக் கழற்றும்போது ரப்பர் விளிம்பின் தடம் கண்ணைச் சுற்றிப் பள்ளமாகப் பதிந்திருக்கும். அந்தப் பள்ளத்தில் உப்பு பூத்திருக்கும். அம்மா முந்தானையால் அதை அழுத்தித் தேய்ப்பார். இப்படியே வருடக்கணக்கில் அழுந்தியும் தேய்ந்தும் காய்ந்தும் கண்ணைச் சுற்றிய தோல் சட்டியின் அடி போலக் கறுத்துவிட்டது. எங்கள் தெருவில் பாதிப் பெண்களுக்கு இந்த வளையம் உண்டு. அதை யாரும் ஒரு குறையாக நினைத்ததில்லை. நானும்தான், தம்பியின் நிச்சயதார்த்தம்வரை.

அன்று பெண் வீட்டுப் பெரியம்மா ஒருவர், நல்ல மனதோடுதான், "மாப்பிள்ளையின் அம்மாவுக்கு உடம்பு சரியில்லையா? கண்ணெல்லாம் இப்படி இருக்கிறதே" என்று கேட்டுவிட்டார். அம்மா சிரித்து மழுப்பினார். வீட்டுக்கு வந்ததும் பீரோக் கண்ணாடி முன்னால் அவர் கொஞ்ச நேரம் நின்றதை நான் பார்த்தேன். அங்கேதான் எனக்குப் புத்தி கெட்டது.

தம்பி விசைப்படகில் போகிறவன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில்தான் அவனைப் போன்றவர்கள் கரையில் தங்குவார்கள். அதனால் எங்கள் பக்கம் பல கல்யாணங்கள் அந்த நாட்களில்தான் நடக்கும். தம்பிக்கும் மே மாதக் கடைசியில் தேதி வைத்தோம். இடையில் இரண்டு மாதம் இருந்தது. ராமநாதபுரத்தில் ஓர் அழகு நிலையத்துக்கு அம்மாவை அழைத்துப்போனேன். பெயரை எழுதவில்லை. புகார் கொடுத்திருக்கிறேன், அது அதன் வழியில் போகட்டும்.

அந்தக் கடைக்கார அம்மாள் அம்மாவின் முகத்தைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. மேசை இழுப்பறையிலிருந்து குங்குமச் சிமிழைவிடச் சற்றே பெரிய வெள்ளை டப்பா ஒன்றை எடுத்து வைத்தார். தங்க நிற மூடி. "பத்தே நாள் தங்கச்சி. கேரளாவிலிருந்து வருகிற மூலிகை. பக்கவிளைவு என்ற பேச்சே கிடையாது" என்றார். விலை 1,200 ரூபாய். டப்பாவில் பெயர் இல்லை, தயாரித்த ஊர் இல்லை, தேதி இல்லை. பில் கேட்டதற்கு, "நமக்குள் எதற்குப் பில்?" என்றார். அந்த "நமக்குள்" என்ற சொல்லுக்கு நான் மயங்கியிருக்கக் கூடாது. கேரளா என்றதும் வேறொன்றும் நினைவுக்கு வந்திருக்க வேண்டும்: 2023இல் மலப்புரம் மாவட்டத்தில் சிவப்பழகு க்ரீம் பூசியவர்களுக்குச் சிறுநீரகம் பாதித்தது, அந்த க்ரீம்களில் பாதரசம் இருந்தது என்று செய்தி வந்ததே. நினைவுக்கு வரவில்லை. கல்யாண அவசரம்.

சொன்னபடியே நடந்தது. எட்டாம் நாள் கறுப்பு பாதியாகிவிட்டது. பக்கத்து வீட்டு மதினி வந்து பார்த்துவிட்டுத் தனக்கும் ஒரு டப்பா வாங்கி வரச் சொன்னார். நானே போய் வாங்கி வந்தேன். இதை எழுதும்போது கை கூசுகிறது.

ஐந்தாம் வாரம் இமைகள் சிவந்தன. கண்ணுக்குக் கீழே வியர்க்குரு போலப் பொடிப்பொடியாகச் சிவந்த கொப்புளங்கள். தோல் வெங்காயத்தின் உள்சவ்வு மாதிரி பளபளத்தது. அதன் அடியில் சிவப்பு நூலை இழைத்தது போல நரம்புகள் தெரிந்தன. ஒருநாள் பூசாவிட்டால் எரிச்சல் தாங்கவில்லை, பூசினால் அடங்கியது. கடைக்காரரிடம் படத்தை அனுப்பினேன். "உள்ளே இருக்கிற கசடு வெளியே வருகிறது, நல்லதுதான்" என்று பதில் வந்தது. கூடவே 900 ரூபாய்க்கு இன்னொரு டப்பா. அதையும் வாங்கினேன். ஏமாற்றுபவர்மேல் இருக்கிற கோபத்தில் பாதி எனக்கு என் மேலேயே இருக்கிறது.

விளக்கைப் பார்த்தால் சுற்றிலும் வட்டம் தெரிகிறது என்று அம்மா சொன்ன பிறகுதான் கண் மருத்துவரிடம் போனோம். கண்ணின் அழுத்தத்தை அளந்தார். 28 இருந்தது. 10 முதல் 21 வரை இருப்பதுதான் இயல்பு. டப்பாவைத் திறந்து பார்த்தார், முகர்ந்தார், அம்மாவின் இமையை விரலால் மெல்ல இழுத்துப் பார்த்தார். "ஸ்டீராய்டு. எத்தனை வாரமாகப் பூசுகிறீர்கள்?" என்று கேட்டார். கேள்வி அம்மாவிடம். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

அவரும், அவர் அனுப்பிவைத்த தோல் மருத்துவரும் சொன்னதை எனக்குப் புரிந்தவரை எழுதுகிறேன். இமைத் தோல்தான் உடம்பிலேயே மெல்லியது, ஏறக்குறைய அரை மில்லிமீட்டர். அடியில் கொழுப்பும் அதிகம் கிடையாது. ஆகவே எதைப் பூசினாலும் சட்டென்று உள்ளே இறங்கும். ஸ்டீராய்டு முதலில் ரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது, அழற்சியை அடக்குகிறது, நிறத்தையும் மங்கச் செய்கிறது. நாங்கள் வாய் பிளந்து பார்த்த எட்டாம் நாள் வெளுப்பு அதுதான். மருந்து தொடரத் தொடரத் தோல் மெலியும், ரத்தக் குழாய்கள் விரியும், நிறுத்தினால் முன்பைவிட மோசமாகச் சிவந்து கொதிக்கும். "பூசாவிட்டால் எரிகிறது" என்று அம்மா சொன்னது தோல் அந்த மருந்துக்கு அடிமையாகிவிட்டதன் அடையாளம். இமை வழியாகக் கண்ணுக்குள்ளும் போய்ச் சிலருக்கு அழுத்தத்தை ஏற்றும். கவனிக்காமல் விட்டால் பார்வை நரம்பே கெடும், கண்புரையும் வரலாம். அழுத்தம் ஏறுவது பெரும்பாலும் வலிக்கவே வலிக்காது என்றார் மருத்துவர். அம்மாவுக்கு வட்டம் தெரிந்தது எங்கள் அதிர்ஷ்டம்.

மறுநாள் அந்த அழகு நிலையத்துக்குப் போனேன். கடைக்காரர் உள்ளே யாருக்கோ புருவம் திருத்திக்கொண்டிருந்தார். பின்னால் கை கழுவும் இடத்தில் ஒரு குப்பைக் கூடை. அதில் நசுங்கிய சிறிய ட்யூப்கள் ஏழெட்டு, பக்கத்தில் காலியான கற்றாழை ஜெல் புட்டி. ஒரு ட்யூபை எடுத்துப் பார்த்தேன். மோமெட்டாசோன், ஹைட்ரோக்வினோன், ட்ரெட்டினாயின் என்று போட்டிருந்தது. இதில் முதலாவதுதான் ஸ்டீராய்டு. ஓரத்தில் சிவப்புக் கோடு. மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்பதற்கான கோடு அது. கேரளத்து மூலிகை இதுதான். மருந்துக் கடையில் நூற்றுச் சொச்சத்துக்குக் கிடைக்கிற ட்யூபைப் பிதுக்கி, கற்றாழை ஜெல்லோடு குழைத்து, தங்க மூடி போட்டால் 1,200. 2018இல் மத்திய அரசு 14 ஸ்டீராய்டு பூச்சு மருந்துகளைச் சீட்டு இல்லாமல் விற்க முடியாதபடி எச் அட்டவணைக்குள் கொண்டுவந்தது. சட்டம் மருந்துக் கடைப் பலகையில் இருக்கிறது, ட்யூப் இந்தக் குப்பைக் கூடையில் கிடக்கிறது.

கேட்டேன். "எத்தனையோ பேர் பூசுகிறார்கள், உங்கள் அம்மாவுக்கு மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை" என்றார். பணத்தைத் திருப்பித் தரவில்லை. ட்யூபைப் படம் எடுத்துக்கொண்டேன். அலைபேசியில் பணம் அனுப்பிய பதிவு, "கசடு" என்று வந்த பதில், மருத்துவர் சீட்டு எல்லாவற்றையும் சேர்த்து மருந்து ஆய்வாளருக்கு மனு கொடுத்தேன். நுகர்வோர் உதவி எண் 1915இலும் பதிந்தேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் கிடையாது என்பதையும் அப்போதுதான் தெரிந்துகொண்டேன். பில் இல்லாவிட்டால் ஒன்றும் செய்ய முடியாது என்று ஒதுங்கிவிடாதீர்கள், இருப்பதைச் சேர்த்து வையுங்கள்.

கல்யாணத்துக்கு அம்மா கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்தார். எல்லாப் படத்திலும் அப்படித்தான் இருக்கிறார். க்ரீமை நிறுத்திய முதல் மூன்று வாரம் முகம் வீங்கி, இரவெல்லாம் ஈரத் துணியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கண்ணுக்குச் சொட்டு மருந்து, தோலுக்கு மாத்திரையும் ஒரு களிம்பும். மூன்று மாதம் கழித்து அழுத்தம் 17க்கு இறங்கியது. தோல் இன்னும் பழையபடி ஆகவில்லை. மதினி பூசியது இரண்டு வாரம்தான், தப்பித்தார். ஆனால் என்னோடு முன்போலப் பேசுவதில்லை.

ஏற்கெனவே இப்படி ஒரு டப்பாவைப் பூசிக்கொண்டிருந்தால் நீங்களாக வைத்தியம் பார்க்காமல் தோல் மருத்துவரிடம் டப்பாவோடு போங்கள். எப்படி நிறுத்துவது என்று அவர் சொல்லட்டும். கண் அழுத்தத்தையும் அளக்கச் சொல்லிக் கேளுங்கள். புதிதாக எதை வாங்கினாலும் தயாரிப்பாளர் முகவரி, உரிம எண், தொகுதி எண், காலாவதித் தேதி, உள்ளிருக்கும் பொருள்கள் இவை அச்சிடப்பட்டிருக்க வேண்டும். இல்லையென்றால் அது க்ரீம் அல்ல, யாரோ குழைத்த எதுவோ. எலுமிச்சைச் சாறு பூசு என்று சொல்கிறவர்களும் உண்டு. கண்ணில் பட்டுப் பார்த்தால் தெரியும்.

கருவளையத்துக்குக் கேட்டதற்குத் தோல் மருத்துவர் சொன்னது ஏமாற்றமாகத்தான் இருந்தது. வெளிச்சத்துக்கு நேராக நின்று கண்ணாடி பார்க்கச் சொன்னார். நேர் வெளிச்சத்தில் கறுப்பு மறைந்தால் அது வயதில் விழுந்த பள்ளத்தின் நிழல், எந்த க்ரீமும் பள்ளத்தை நிரப்பாது. அம்மாவுக்கு நிழல் பாதி, உராய்வில் ஏறிய நிறம் பாதி. கடலில் மாட்டுகிற கண்ணாடியின் வாரைத் தளர்த்தச் சொன்னார். கரையேறியதும் நல்ல தண்ணீரில் கழுவி, பருத்தித் துணியால் ஒற்றச் சொன்னார், தேய்க்கக் கூடாது. வெயிலுக்கு துத்தநாக ஆக்சைடு கலந்த சன்ஸ்க்ரீனை மோதிர விரலால் மெல்லத் தொட்டு வைக்க வேண்டும். இப்போது அம்மா ஐந்து லிட்டர் கேனில் நல்ல தண்ணீரும் பழைய வேட்டித் துண்டும் எடுத்துக்கொண்டுதான் கடலுக்குப் போகிறார். முகம் கழுவுகிற சாக்கில் கூட வரும் பெண்கள் பாதித் தண்ணீரைக் குடித்துவிடுகிறார்களாம்.

போன வாரம் அந்த அழகு நிலையம் வழியாக பஸ்ஸில் போனேன். கண்ணாடிக் கதவில் புதிதாகக் காகிதம் ஒட்டியிருக்கிறார்கள்: "கருவளையம் ஏழே நாளில்." கீழே டப்பாவின் படம். வெள்ளை டப்பா அப்படியேதான் இருக்கிறது, மூடி மட்டும் இப்போது பச்சை.