இரவல் பந்து, இரவல் ஷூ: செட்டிநாட்டு ஊர்களில் மூன்று ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பிறகு

நூலகத்தில் புத்தகம் எடுப்பதுபோல் பந்து, மட்டை, ஷூ எடுத்துப்போய் விளையாடிவிட்டுத் திருப்பித் தரும் திட்டம் இது. நன்கொடையாக வரும் பொருட்களை ஓர் அறக்கட்டளை ஊர் ஊராகப் பிரித்துத் தருகிறது. காரைக்குடிக்கும் தேவகோட்டைக்கும் இடைப்பட்ட ஊர்களில் நடத்திப் பார்த்ததில், பொருள் வந்து சேர்வதில் சிரமமில்லை. மூன்றாம் மாதமும் அது விளையாடும் நிலையில் இருக்கவேண்டுமே, அங்கேதான் பாடு.

முதலில் கால்பந்து. இங்கே தரை செம்புறாங்கல் சரளை. கையால் தைத்த பளபளப்பான பந்தில் மேல்தோல் உரியும் முன்பே தையல் நூல் தேய்ந்து அறுந்துவிடும். ரப்பர் மோல்டட் பந்து (தைக்காமல் அச்சில் வார்த்தது) கூடுதலாகத் துள்ளும், தலையால் முட்டினால் வலிக்கும். ஆனாலும் இந்தத் தரைக்கு அதுதான் தாக்குப்பிடிக்கிறது. 8 முதல் 12 வயதுவரை 4-ஆம் எண் பந்து (சுற்றளவு 63.5–66 செ.மீ.), அதற்கு மேல் 5-ஆம் எண் (68–70 செ.மீ., 410–450 கிராம்). நன்கொடையில் வருவது பெரும்பாலும் 5. சின்னப் பிள்ளைகள் அதை உதைத்து உதைத்துக் கணுக்கால் வலி என்று நின்றுவிடுகிறார்கள்.

பாதிப் பந்துகள் சாவது காற்றால்தான். கால்பந்துக்கு 0.6–1.1 பார் (காற்றழுத்த அளவு) என்பது விதி. சரளைத் தரைக்கு 0.7 போதும். வாலிபாலுக்கு 0.3 பார்தான். சைக்கிள் கடை கம்ப்ரஸரில் இரண்டுக்கும் ஒரே கணக்காக அடித்தால் வாலிபால் முட்டை வடிவத்துக்குப் போய்விடும், பிறகு மீளாது. காலையில் நிழலில் 0.8 அடித்த பந்தைத் தகரக் கொட்டகையில் போட்டு, உள்ளே இருக்கும் காற்று 60 டிகிரிக்குச் சூடேறினால் அழுத்தம் 1.0-ஐத் தொடும். மீட்டர் வைத்த காலால் மிதிக்கும் பம்ப் ஒன்று ஊருக்கு அவசியம். உலர்ந்த ஊசியைக் குத்தினால் வால்வு கிழியும். ஒரு சொட்டு கிளிசரின் தடவி, நேராக, மெல்லத் திருகி இறக்கவேண்டும். இருப்பதிலேயே மலிவான பொருள் ஊசி; அது தொலைந்த அன்று ஆட்டமே கிடையாது. பத்தாக வாங்கி வையுங்கள்.

ஷூவில்தான் திட்டத்தின் அருமை தெரிகிறது, அதன் குறையும் தெரிகிறது. 3, 4, 5 அளவுகள் முதல் வாரமே காலி. 9, 10 அளவுகள் அலமாரியில் தூங்கும். கால் அளவை மாலையில், நிற்கவைத்து, இரண்டில் பெரிய காலை அளந்து, முன்னால் 1 செ.மீ. இடம் விட்டுக் கொடுக்கவேண்டும். வளர்கிற பிள்ளை என்று இரண்டு அளவு பெரிதாகக் கொடுப்பது தீபாவளிச் சட்டைக்குச் சரி, ஷூவுக்கு ஆகாது. ஷூ அடியில் இருக்கும் உயரமான ஸ்டட் (முளை) கெட்டித் தரையில் பதியாமல் வழுக்கும். சின்னச் சின்ன ரப்பர் குமிழ் வைத்த அடிப்பாகமே போதும். அடி விட்டுப்போனால் பசை மட்டும் போட்டு ஒட்டுவது சித்திரை வெயிலில் நிற்காது, சுற்றித் தையல் போடச் சொல்லுங்கள். நனைந்த ஷூவைச் செய்தித்தாள் திணித்து நிழலில் காயவைக்கவேண்டும்.

இறகுப்பந்தில் குறை சொல்ல அதிகமில்லை. நைலான் ஷட்டில் வாங்கும்போது பச்சை வளையம் கேளுங்கள். அது மெதுவான ரகம், வெப்பத்தில் ஷட்டில் வேகம் எடுக்கும் ஊருக்கு அதுவே பொருத்தம். சிவப்பு வளையம் குளிர் ஊர்களுக்கு.

பொருட்களை வைக்க, குடும்பம் வெளியூரில் இருக்கும் பெரிய வீடுகளின் இரண்டாங்கட்டு அறை கிடைக்கிறது. தடித்த சுவர், சுண்ணாம்புப் பூச்சு, வெயில் ஏறாது. பசையும் ரப்பரும் கெடுவதில்லை. ஆனால் வீட்டில் கல்யாணம் என்றால் அறையைக் காலி செய்யவேண்டும், சாவி காவல்காரர் கையில். ஐப்பசி, கார்த்திகை மழையில் தோல் பொருட்களில் பூசணம் பிடிக்கும். வலையைத் தொங்கவிடாவிட்டால் எலி கடித்துவிடும்.

முதலில் 100 ரூபாய் முன்பணம் கேட்டார்கள். யாருக்காகத் திட்டமோ அந்த வீட்டுப் பிள்ளைகள்தான் வராமல் போனார்கள். இப்போது நோட்டில் பெயர், வகுப்பு, கையெழுத்து மட்டும். தொலைவது கூடவில்லை. மாலை 6 மணிக்கு அறை திறந்தவரை பெண் பிள்ளைகள் அனேகமாக வரவில்லை. பள்ளி விட்டதும் 4.15-க்கு மைதானத்திலேயே கொடுக்கத் தொடங்கிய பிறகு வருகிறார்கள். இதற்குச் செலவு ஒரு ரூபாய்கூட இல்லை, யோசனை வர ஓராண்டு ஆனது.

கொடுக்க நினைப்பவர்களுக்கு: பழைய ஷூ, மட்டை, ராக்கெட் தாராளமாகத் தரலாம். பழைய கிரிக்கெட் ஹெல்மெட் மட்டும் வேண்டாம். ஒருமுறை பலமாக அடி வாங்கிய ஓட்டில் விரிசல் வெளியே தெரியாது, அடுத்த பந்துக்குத் தாங்கும் என்று யாராலும் சொல்லமுடியாது. அதைப் புதிதாகவே, தலைச் சுற்றளவு பார்த்து வாங்கவேண்டும்.