உப்புக்காற்றில் ஒரு டெஸ்க்டாப்: 2016 முதல் இன்று வரை

இன்டெல் ஐ3-6100 பிராசசர், 4 ஜிபி டிடிஆர்4 ரேம், 1 டிபி ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 10. 2016இல் கடையில் பொருத்தித் தரச் சொல்லி வாங்கிய டெஸ்க்டாப் இது. அன்றைக்கே சுமாரான ரகம்தான். பிள்ளைகளின் பாடம், மனைவியின் தையல் கடைக் கணக்கு, வருமான வரித் தாக்கல், கொஞ்சம் யூடியூப் என்று வீட்டில் எல்லோருடைய கையிலும் உழைத்திருக்கிறது. வீடு வேதாரண்யம் பக்கம். உப்பளத்திலிருந்து வரும் காற்று ஜன்னல் கம்பியையே தின்றுவிடும் ஊர். இங்கே ஒரு கணினி எத்தனை வருஷம் தாங்கும் என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்காகத்தான் இது.

பிராசசரும் மதர்போர்டும் இன்று வரை ஒரு தொல்லையும் தரவில்லை. என்னிடம் காசு வாங்கியதெல்லாம் அவற்றைச் சுற்றி இருப்பவை: கரண்ட், காற்று, டிஸ்க், பென்டிரைவ். "கம்ப்யூட்டர் போய்விட்டது, புதுசு வாங்கிவிடுங்கள்" என்று சர்வீஸ் கடையில் சொன்னால், போனது எது என்று ஒரு கேள்வி கேட்டுவிட்டு அப்புறம் பர்ஸை எடுங்கள்.

வாங்கிய புதிதில் வந்த முதல் புகார், கேபினெட்டைத் தொட்டால் சுருக்கென்று ஷாக். கணினிக் கடையில் எஸ்எம்பிஎஸ்ஸை, அதாவது உள்ளே இருக்கும் பாகங்களுக்குக் கரண்ட் பிரித்துக் கொடுக்கும் பெட்டியை, மாற்றச் சொன்னார்கள். வீட்டுக்கு வந்த எலக்ட்ரீஷியன் டெஸ்டரை கேபினெட்டில் வைத்துப் பார்த்துவிட்டு, "தம்பி, பொட்டில ஒன்னும் கோளாறு இல்ல. ஒங்க வீட்டுல எர்த்தே இல்ல" என்றார். அவர் சொன்னதுதான் சரி. எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் கரண்ட் நுழையும் இடத்தில் இரைச்சலை வடிகட்ட இரண்டு சிறிய கெப்பாசிட்டர்கள் இருக்கும். ஒன்று ஃபேஸுக்கும் பாடிக்கும் நடுவில், இன்னொன்று நியூட்ரலுக்கும் பாடிக்கும் நடுவில். அவற்றின் வழியாகக் கசியும் சிறு மின்னோட்டம் எர்த் கம்பியில் இறங்கிப் போக வேண்டும். எர்த் இல்லையென்றால் 230 வோல்ட்டில் ஏறக்குறைய பாதி கேபினெட்டின் மேலேயே நிற்கும். மின்னோட்டம் மிகக் குறைவு என்பதால் ஆளைத் தூக்கி அடிக்காது, சுருக்கென்று கடிக்கும், அவ்வளவுதான். ஆனால் உள்ளே நிஜமாகவே ஒரு கோளாறு வந்தால் காப்பாற்ற எதுவும் இல்லை. மானிட்டர் கேபிளையோ பிரிண்டர் கேபிளையோ ஓடுகிறபோது செருகினால் போர்ட் போகவும் வாய்ப்பு உண்டு.

எங்கள் மண்ணில் உப்பு இருப்பதால் எர்த் நன்றாகவே பிடிக்கும். சிக்கல் என்னவென்றால் அதே உப்பு, புதைத்த ஜிஐ பைப்பைத் தின்றுவிடுகிறது. எங்கள் வீட்டில் நடந்தது அதுதான்: பைப் இருந்தது, கம்பியும் இருந்தது, இரண்டும் சேரும் இடம் துருப்பொடியாகிவிட்டது. புதுக் குழி எடுத்துக் கரியும் உப்பும் போட்டு இறக்கியபின் ஷாக் நின்றது. மூன்று ஓட்டை தெரிகிற ஜங்ஷன் பாக்ஸை நம்பிவிடாதீர்கள். மலிவானவற்றில் எர்த் ஓட்டை சும்மா பெயருக்கு இருக்கும், உள்ளே கம்பியே போகாது.

அடுத்தது யுபிஎஸ். 600 விஏ ரகம், உள்ளே 12 வோல்ட், 7 ஏஎச் பேட்டரி. இந்த பேட்டரி இரண்டு, மூன்று வருஷத்துக்கு மேல் தாங்கும் என்று கணக்குப் போட வேண்டாம். யுபிஎஸ் செத்துவிட்டது என்று தூக்கிப் போடப்படுபவற்றில் பெரும்பாலும் செத்திருப்பது பேட்டரி மட்டும்தான். நான்கு ஸ்குருவைக் கழற்றினால் மாற்றிவிடலாம். லேசர் பிரிண்டரை அதில் செருகாதீர்கள். அது சூடேறும்போது இழுக்கும் கரண்டுக்கு யுபிஎஸ் தாங்காது.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் எங்கள் தலைமேல்தான் கரையேறியது. அதன்பிறகு வாரக்கணக்கில் கரண்ட் கிடையாது. கணினி நனையவில்லை, மேலே தூக்கி வைத்திருந்தோம். ஆனாலும் கரண்ட் வந்தபோது இரண்டு பொருள்கள் செத்திருந்தன. ஒன்று யுபிஎஸ் பேட்டரி. லெட் ஆசிட் பேட்டரியைக் காலியான நிலையில் சார்ஜ் இல்லாமல் போட்டுவைத்தால் தகடுகளில் சல்பேட் படிந்து இறுகிவிடும். அப்புறம் எவ்வளவு சார்ஜ் போட்டாலும் ஏறாது. இன்னொன்று மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 பட்டன் பேட்டரி. கணினியின் கடிகாரத்தை ஓடவைப்பது அதுதான். சுவரிலிருந்து கரண்ட் வந்துகொண்டிருக்கும்போது கடிகாரத்துக்கு அந்த 3 வோல்ட்டிலிருந்து செலவு இல்லை. அடியோடு இணைப்பு இல்லாதபோதுதான் அது கரையும்.

இந்தப் பட்டன் பேட்டரி விஷயத்தைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அறிகுறி வேறு எங்கோ தெரியும். கணினி நன்றாகவே ஓடும். ஆனால் வங்கித் தளத்தைத் திறந்தால் "இணைப்பு பாதுகாப்பானது இல்லை" என்று பிரவுசர் மிரட்டும். வைரஸ் என்று நினைத்து விண்டோஸை அழித்துப் போட்டவர்களை எனக்குத் தெரியும். மூலையில் இருக்கும் தேதியைப் பாருங்கள், பழைய வருஷத்தைக் காட்டும். தளங்களின் பாதுகாப்புச் சான்றிதழுக்குத் தொடக்கத் தேதியும் முடிவுத் தேதியும் உண்டு. கணினியின் தேதி அதற்கு வெளியே இருந்தால் பிரவுசர் ஏற்காது. கடிகாரக் கடையிலேயே கிடைக்கும் ஒரு வில்லையை மாற்றினால் தீர்ந்தது.

உப்புக்காற்றுக்கு வருகிறேன். சாதாரணத் தூசியைவிட உப்பு கலந்த தூசி மோசம். காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானாகவே தண்ணீரை இழுத்துக் கசியத் தொடங்கும், அடைமழையில் உப்பு ஜாடி கசிவதுபோல. போர்டின் மேல் அது நடந்தால் அந்தப் படலம் கரண்டைக் கடத்தும், உலோகத்தை அரிக்கும். ஐப்பசி, கார்த்திகையில் கணினியைப் பூட்டி வைத்துவிட்டு ஊருக்குப் போய் வந்தால் ஆன் செய்ததும் திரை வராமல் பீப் சத்தம் மட்டும் கேட்கும். ரேமைக் கழற்றி, அதன் தங்க நிற விளிம்பை ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் துடைத்து மாட்டினால் எழுந்துவிடும். கடைகளில் ரப்பரால் தேய்ப்பார்கள். அதுவும் வேலை செய்யும்தான், ஆனால் அந்தத் தங்கப் பூச்சு மிக மெல்லியது, அடிக்கடி தேய்த்தால் போய்விடும். நான் கண்ட நல்ல வழி வேறு: மழைக்காலத்தில் வேலை இருக்கிறதோ இல்லையோ தினமும் கொஞ்ச நேரம் ஓடவிடுவது. உள்ளே இருக்கும் சூடே ஈரத்தை விரட்டிவிடும். துணி போட்டு மூடி வைப்பது தூசிக்கு நல்லது. ஆனால் ஓடும்போது மூடியிருந்தால் அதைவிடக் கெடுதல் இல்லை.

சூட்டைப் பற்றி நிறையச் சொல்ல ஒன்றுமில்லை. பிராசசர் மேல் இருக்கும் பசை சில வருஷத்தில் காய்ந்துவிடும், துடைத்துப் புதுசு வைக்க வேண்டும். ஃபேனை மாட்டும்போது நான்கு பிளாஸ்டிக் ஊசிகளும் டக்கென்று இறங்கியதா என்று போர்டின் பின்பக்கம் பார்க்க வேண்டும். ஒன்று இறங்காவிட்டாலும் சூடு ஏறி, பிராசசர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். "கணினி மெதுவாகிவிட்டது" என்பதன் பொருள் சில சமயம் அவ்வளவுதான்.

மற்ற சமயங்களில் அதன் பொருள் ஹார்ட் டிஸ்க். இத்தனை வருஷத்தில் கொடுத்த காசுக்கு மிக அதிகப் பலன் தந்தது எது என்றால் 2019இல் போட்ட 240 ஜிபி எஸ்எஸ்டிதான், சுழலும் தட்டு இல்லாத வேகமான டிஸ்க். கூடவே இன்னொரு 4 ஜிபி ரேம். டீ போட்டுக்கொண்டு வந்தாலும் முழுதாக எழாத கணினி, நாற்காலியில் உட்காருவதற்குள் தயாராக நின்றது. பழைய டிஸ்கைக் கோப்புகள் வைக்க மட்டும் விட்டுவைத்தேன்.

அது ஒருநாள் காப்பி செய்யும்போது தொங்க ஆரம்பித்தது. கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்று ஓர் இலவச மென்பொருள் உண்டு. டிஸ்க் தன்னைப் பற்றித் தானே எழுதி வைக்கும் குறிப்புகளைக் காட்டும். நீலம் என்றால் நலம், மஞ்சள் என்றால் எச்சரிக்கை. மேலே இருக்கும் நிறத்தை மட்டும் பார்த்து நின்றுவிடாமல் கீழே சி7 என்ற வரியைப் பாருங்கள். அந்த எண் ஏறிக்கொண்டே போனால் பெரும்பாலும் கோளாறு டிஸ்கில் இல்லை, டேட்டா கேபிளில். எனக்கும் அப்படித்தான். அந்த டேட்டா கேபிளை (சாட்டா கேபிள் என்பார்கள்) மாற்றினேன், தொங்கல் நின்றது. 05, சி5 ஆகிய வரிகளில் எண் ஏறினால்தான் தட்டிலேயே பழுது. அன்றைக்கே எல்லாவற்றையும் வேறு இடத்துக்கு மாற்றுங்கள், மறுநாளுக்குத் தள்ள வேண்டாம். ஹார்ட் டிஸ்காவது கடகடவென்று சத்தம் போட்டுவிட்டுச் சாகும். எஸ்எஸ்டி சொல்லாமல் கொள்ளாமல் போய்விடக்கூடியது. அதனால் தனியாக ஒரு வெளி டிஸ்க் வைத்திருக்கிறேன். காப்பி எடுத்ததும் கழற்றி பீரோவுக்குள் போய்விடும். மாட்டியே வைத்திருந்தால் இடி விழுந்தாலும் வைரஸ் வந்தாலும் அதுவும் சேர்ந்தே போகும்.

வைரஸ் என்றதும் இணையத்தை நினைப்பார்கள். எங்கள் வீட்டுக்கு அது வந்த வழி ஜெராக்ஸ் கடை. பென்டிரைவைக் கொடுத்துப் பிரிண்ட் எடுத்து வந்தால் உள்ளே எல்லா ஃபோல்டர்களும் ஷார்ட்கட் ஆகியிருக்கும். அசல் ஃபோல்டர்கள் அழியவில்லை, மறைத்து வைக்கப்பட்டிருக்கும். அந்த ஷார்ட்கட்டைச் சொடுக்கினால் வைரஸும் ஓடும், ஃபோல்டரும் திறக்கும். அதனால் சந்தேகமே வராது. விண்டோஸ் டிஃபெண்டரை அணைக்காமல் வைத்திருந்தாலே இந்த ரகம் பெரும்பாலும் மாட்டிக்கொள்ளும். காசு கொடுத்து வேறு ஆன்டிவைரஸ் வாங்க வேண்டிய தேவை எனக்கு வரவில்லை.

சரி, பென்டிரைவ் வேண்டாம், வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள் என்கிறார்களே, அது இன்னும் கவலை. பிரிண்ட் எடுத்து முடிந்தபின்னும் உங்கள் ஆதார் அந்தக் கடைக் கணினியின் டவுன்லோட்ஸ் ஃபோல்டரிலேயே கிடக்கும். இ-ஆதார் பிடிஎஃப்பின் கடவுச்சொல் பெயரின் முதல் நான்கு எழுத்தும் பிறந்த வருஷமும்தான் என்பது ஊருக்கே தெரியும். கேட்கிற இடம் ஏற்குமென்றால் முதல் 8 எண்களை மறைத்த மாஸ்க்டு ஆதாரை இறக்கிக் கொடுங்கள்.

உள்ளே நாமே கூப்பிட்டு உட்காரவைக்கும் வைரஸ்தான் மிக மோசமானது. காசு கொடுக்காமல் விண்டோஸை ஆக்டிவேட் செய்யும் கிராக், போட்டோ எடிட்டிங் கிராக், திருட்டுத் தமிழ் டைப்பிங் மென்பொருள். "இன்ஸ்டால் செய்யும் முன் ஆன்டிவைரஸை அணைக்கவும்" என்று அதிலேயே எழுதியிருக்கும், நாமும் பணிவாக அணைப்போம். ஸ்டாப் என்கிற பணயத் தீநிரல் (கோப்புகளைப் பூட்டிவிட்டுத் திறக்கப் பணம் கேட்கும் ரகம்) வீட்டுக் கணினிகளுக்குப் பரவியது முக்கியமாக இந்த வழியில்தான். எனக்குப் பழக்கமான ஒரு போட்டோ ஸ்டுடியோவில் கல்யாண ஆல்பங்கள் மொத்தமும் திறக்க முடியாத கோப்புகளாகிவிட்டன. தமிழ் டைப்பிங்குக்கெல்லாம் இவ்வளவு ரிஸ்க் தேவையே இல்லை. ஒலிபெயர்ப்புத் தமிழ் விசைப்பலகையை 2019 முதல் விண்டோஸ் 10 தானே தருகிறது. பிள்ளைகளுக்கு அட்மின் உரிமை இல்லாத தனிக் கணக்கு ஒன்று போட்டுக் கொடுத்தேன். கேம் என்று எதையாவது இறக்கினால் கடவுச்சொல் கேட்கும், என்னிடம் வந்தாக வேண்டும். வீட்டில் சண்டை வரும், பரவாயில்லை.

ஒருமுறை மாமனார் செய்தி படித்துக்கொண்டிருந்தபோது திரை முழுக்கச் சிவப்பாகி, சைரன் அலறி, ஒரு ஃபோன் நம்பர் வந்து நின்றது. "மாப்பிள்ளை, போலீஸ் கேஸ் மாதிரி இருக்கு, வந்து பாருங்க" என்று கூப்பிட்டார். அது வெறும் இணையப் பக்கம்தான். எஸ்கேப் விசையை அழுத்திப் பிடித்தால் முழுத்திரை விலகும். இல்லையென்றால் டாஸ்க் மேனேஜரில் பிரவுசரை மூடலாம். அந்த நம்பருக்கு ஃபோன் செய்தால்தான் வினையே. கணினியைத் தூரத்திலிருந்து இயக்கும் ஒரு செயலியைப் போடச் சொல்வார்கள், அப்புறம் வங்கிக் கணக்கைத் திறக்கச் சொல்வார்கள். பணம் போய்விட்டால் சைபர் மோசடிக்கான உதவி எண் 1930க்கு உடனே கூப்பிடுங்கள். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவுக்குப் பணத்தை வழியிலேயே நிறுத்த வாய்ப்பு அதிகம்.

2025 அக்டோபர் 14இல் விண்டோஸ் 10க்கு வழக்கமான ஆதரவு முடிந்தது. என் ஐ3-6100 போன்ற 6ஆம் தலைமுறை இன்டெல் பிராசசர் விண்டோஸ் 11க்குத் தகுதிப் பட்டியலில் இல்லை. நல்ல நிலையில் இருக்கும் கணினியை இதற்காகக் குப்பை என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. வீட்டுப் பயனர்களுக்குப் பாதுகாப்பு அப்டேட்களுக்கான நீட்டிப்புத் திட்டம் ஒன்று வந்தது, 2026 அக்டோபர் 13 வரைதான். நான் விண்டோஸுக்குப் பதிலாக இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் மின்ட் 22க்குப் போய்விட்டேன். அதற்கு 2029 வரை அப்டேட் உண்டு. வங்கி, வரித் தாக்கல், ஆன்லைன் வகுப்பு எல்லாம் பிரவுசரிலேயே நடக்கின்றன. தமிழ்99 விசைப்பலகையும் கிடைக்கிறது. தொல்லை கொடுத்தது பழைய பிரிண்டர் மட்டும். சரியான டிரைவர் தேடி ஒரு வார இறுதி போனது.

வீடியோ எடிட்டிங்கோ, விண்டோஸில் மட்டுமே ஓடும் கணக்கு மென்பொருளோ தேவைப்படுபவர்களுக்கு இந்த வழி ஒத்துவராது. அவர்கள் செகண்ட் ஹேண்ட் அலுவலகக் கணினி பார்க்கும்போது பொதுவாக 8ஆம் தலைமுறைக்குக் குறைந்த இன்டெல்லைத் தொட வேண்டாம், விலை எவ்வளவு இறங்கினாலும். கடையிலேயே டிஸ்கின் 05, சி5 வரிகளைக் காட்டச் சொல்லுங்கள். மூடியைத் திறந்து போர்டில் உப்பிய கெப்பாசிட்டரோ பச்சைத் துருவோ தெரிகிறதா என்று பாருங்கள். கடலோரத்தில் ஓடிய பெட்டி என்றால் ஸ்குருத் தலைகளே காட்டிக்கொடுத்துவிடும்.