திராட்சை ஒட்டு நாற்று ஆன்லைனில் வாங்கப் போகிறீர்களா? என் 27,500 ரூபாய் போய்விட்டது

ஒட்டு நாற்று என்று சொல்லி விற்றார்கள். ஒட்டுக் கட்டிய இடம் என்று சுற்றியிருந்த டேப்பை அவிழ்த்தால் ஒட்டே இல்லை!

கம்பம் பக்கம் எங்களுக்கு எப்போதும் பன்னீர் திராட்சைதான். மாசி, பங்குனியில் மகாராஷ்டிரா பழம் வந்து குவிந்துவிட்டால் நம் பழத்துக்கு விலை இருக்காது. அதற்கு முன்னால் பறித்துவிடலாம் என்று நாற்பது சென்டில் ஃப்ளேம் சீட்லெஸ் வைக்க நினைத்தேன். சிவப்புப் பழம், விதை கிடையாது, தாம்சன் என்கிற விதையில்லா ரகத்தை விட முந்திப் பழுக்கும்.

பெரிய ஆன்லைன் விற்பனைத் தளம் ஒன்றில் ஒரு நர்சரி இருந்தது. நாற்று 110 ரூபாய், 250 நாற்று. போனில் பேசியவர் என் மண்ணைப் பற்றிக் கேட்டார், கிணற்றுத் தண்ணீர் உப்பா என்று கேட்டார். "உப்புத் தண்ணிக்கு டாக்ரிட்ஜ் வேர்தான் தாங்கும்ண்ணே, அதுலயே ஒட்டுக் கட்டித் தர்றேன்" என்றார். டாக்ரிட்ஜ் என்பது வேருக்காக வளர்க்கிற திராட்சைச் செடி, அதன் மேல்தான் பழ ரகத்தை ஒட்டுவார்கள். தொழில் தெரிந்த பேச்சு. அந்த வார்த்தையில்தான் நம்பி 27,500 ரூபாயையும் மொத்தமாகக் கட்டினேன்.

நாற்று நன்றாகத்தான் கிளம்பியது. ஆனால் கொழுந்தெல்லாம் வெள்ளையாக, பஞ்சு ஒட்டியது போல. பக்கத்துத் தோட்டத்து மாமா பார்த்ததுமே, "மாப்ள, இது டாக்ரிட்ஜ் கொழுந்தாச்சே, டேப்பை அவுரு" என்றார். வெறும் தண்டில் டேப்பைச் சுற்றி அனுப்பியிருக்கிறார்கள்! அவிழ்த்துப் பார்த்த எதிலும் ஒட்டு இல்லை. வேருக்காக வளர்க்கிற செடியில் விற்கிற பழம் எங்கே காய்க்கும்?

போன் செய்தால் முதலில் "போட்டோ அனுப்புங்க". அப்புறம் "ஓனர் ஊர்ல இல்ல". அப்புறம் "உங்க வெயில்ல ஒட்டு கருகியிருக்கும்". கடைசியில் என்ன சொன்னான் தெரியுமா? "வேர்ச்செடி நல்லாத்தானே இருக்கு, நீங்களே ஒட்டுக் கட்டிக்கோங்க." அதோடு நம்பரை பிளாக் செய்துவிட்டான். விற்பனைத் தளத்தில் கேட்டால் ஏழு நாள் ரிட்டர்ன் கெடு முடிந்துவிட்டதாம். 27,500 ரூபாய், பந்தல் செலவு தனி.

நாற்று இறங்கியதும் நாலைந்தில் டேப்பை அவிழ்த்து ஒட்டுத் தழும்பைப் பாருங்கள். ரகப் பெயர், வேர்ச்செடிப் பெயர் போட்ட பில் இல்லாமல் பணம் கட்டாதீர்கள். ஆனைமலையான்பட்டி திராட்சை ஆராய்ச்சி நிலையத்தில் ஒரு வார்த்தை கேளுங்கள். நுகர்வோர் உதவி எண் 1915-க்கு நான் புகார் சொல்லிவிட்டேன். இதே மாதிரி டேப் சுற்றிய நாற்று யாருக்காவது வந்திருந்தால் சொல்லுங்கள், சேர்ந்து வழக்குப் போடலாம்.