தெருவா, பேரமா? மெக்சிகோ, 1991

பறிபோன தேர்தலை மீட்கத் தெருவில் இறங்குவதா, ஆளும் தரப்போடு பேரம் பேசுவதா? 1929 முதல் பிஆர்ஐ கட்சியே ஆண்ட மெக்சிகோவில் இரண்டும் நடந்தன. அங்கே மாநில ஆளுநரை மக்களே தேர்ந்தெடுக்கிறார்கள். 1991 ஆகஸ்ட் 18 அன்று நடந்த ஆளுநர் தேர்தலில் குவானஹுவாட்டோ, சான் லூயிஸ் பொட்டோசி ஆகிய இரு மாநிலங்களிலும் பிஆர்ஐ வென்றதாக அறிவிப்பு. இரண்டிலும் மோசடிப் புகார்.

வேகம்
குவானஹுவாட்டோ (பேரம்): பிஆர்ஐயின் ரமோன் அகிரே பதவியேற்காமலேயே விலகினார்.
சான் லூயிஸ் பொட்டோசி (தெரு): ஃபௌஸ்டோ சபாட்டா பதவியேற்று, இரண்டு வாரத்தில் விலகினார்.

கொடுத்த விலை
குவானஹுவாட்டோ: எதிர்க்கட்சியான பான் கட்சியின் வேட்பாளர் விசென்டே ஃபாக்ஸ் ஆளுநர் பதவிக்கு 1995 வரை காத்திருந்தார்.
சான் லூயிஸ்: எதிர்த்து நின்ற வேட்பாளர், முதிய கண் மருத்துவர் சால்வடோர் நாவா புற்றுநோயோடு தலைநகரை நோக்கி நடந்தார். பெண்கள் அரசு மாளிகை வாசலை மறித்தார்கள். மறு ஆண்டே நாவா இறந்தார். அந்த நடையை நினைத்தால் இன்றும் நெஞ்சு கனக்கிறது.

கிடைத்தது
குவானஹுவாட்டோ: பான் கட்சியின் கார்லோஸ் மெதினா இடைக்கால ஆளுநர்.
சான் லூயிஸ்: இடைக்கால ஆளுநரும் பிஆர்ஐக்காரரே.

நாற்காலி உடனே வேண்டுமென்றால் பேரம் உதவும். ஆனால் அங்கே ஆளுநரை முடிவு செய்தது வாக்குச்சீட்டு அல்ல, மேலிடம். குடிமக்களைத் தட்டியெழுப்ப வேண்டுமென்றால் நாவாவின் வழி. என் மனம் அவர் பக்கமே.